ஊசி இறங்கும் மண்: சிங்கப்பூர் வீட்டில் வேர்க்கடலை

சிங்கப்பூரில் கடலைச் செடி வளர்ப்பது சுலபம். வெயில் உண்டு, மழை உண்டு, குளிர்காலம் என்ற தொல்லை கிடையாது. விதை போட்ட ஒரு வாரத்தில் முளைத்து, ஒரு மாதத்தில் மஞ்சள் பூவோடு கொழுகொழுவென்று நிற்கும். பிடுங்கிப் பார்க்கும்போதுதான் சங்கதி தெரியும். நாலு காய் இருக்கும், அதிலும் இரண்டு பருப்பில்லாத பொக்கு. எங்கள் ஈசூன் சமூகத் தோட்டத்தில் பலர் பாத்தியில் இதைப் பார்த்துவிட்டேன். "செடி நல்லாத்தானேக்கா இருந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்று வந்து நிற்பவர்களிடம் நான் செடியைப் பற்றிப் பேசுவதில்லை, மண்ணைத்தான் கேட்பேன். கடலையில் பூ வதங்கியதும் ஊசி மாதிரி ஒரு காம்பு கிளம்பி மண்ணுக்குள் இறங்கிக் காயாகும். பாடுபட வேண்டியது அந்த ஊசி இறங்குகிற மேல் நாலு அங்குல மண்ணுக்கு. அது பொலபொலவென்று இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் மற்றதைச் செடியே பார்த்துக்கொள்ளும்.

நான் வந்தவாசிப் பக்கம் பிறந்தவள். ஆடியில் மானாவாரியாக மல்லாட்டை (எங்கள் பக்கம் கடலைக்கு அதுதான் பேர்) விதைத்து, ஐப்பசிக்குள் பிடுங்கி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்து, கொடியை மாட்டுக்குப் போடுவதைப் பார்த்து வளர்ந்தேன். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே வருஷம் முழுக்கப் பெய்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இங்கே பெய்கிறது. சிங்கப்பூரின் சராசரி ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல், டிசம்பரில் மட்டுமே 300 மில்லிமீட்டரைத் தாண்டும். ஊரில் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தோம். இங்கே பெய்த மழை வடிந்ததா என்று மண்ணைப் பார்க்க வேண்டும்.

விதை

விதைக்கென்று தனியாகத் தேட வேண்டாம். தேக்காவில் (லிட்டில் இந்தியா) மளிகைக் கடைகளில் பாக்கெட்டில் தொங்கும் பச்சைக் கடலை போதும். பச்சை என்றால் வறுக்காதது, உப்புப் போடாதது, தோல் உரிக்காதது. ஓட்டோடு விற்கும் கடலை பெரும்பாலும் வறுத்ததாகவோ அவித்துக் காயவைத்ததாகவோ இருக்கும், அது முளைக்காது.

பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டிப் பொறுக்குங்கள். தோல் கிழியாமல், பருப்பு இரண்டாகப் பிளக்காமல், கூர்ப் பக்கம் உடையாமல் இருக்க வேண்டும். முளைக் கரு அந்தக் கூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே சிறு மூக்கு உடைந்திருந்தாலும் அந்தப் பருப்பைச் சட்னிக்கு எடுத்து வைத்துவிடலாம். பொறுக்கியதில் பத்தை ஈரத்துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். மூன்றாம் நாள் ஏழுக்கு மேல் வெள்ளை மூக்கு நீட்டியிருந்தால் நல்ல விதை. அதற்குக் குறைந்தால் வேறு கடையில் வாங்குங்கள்.

இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பருப்பு ஊதிப் பிளந்து, மண்ணுக்குள் போனதும் அழுகிவிடும். ஈரத்துணி முளைப்பே போதும். முளை அரை சென்டிமீட்டர் நீண்டதும் உடையாமல் எடுத்து நடலாம்.

கடலையில் கொத்து ரகம், கொடி ரகம் என்று இரண்டு வகை. கொத்து நிமிர்ந்து வளரும், அடியிலேயே கும்பலாகக் காய்க்கும், 100 முதல் 110 நாளில் முடிந்துவிடும். கொடி தரையில் படர்ந்து இடத்தைப் பிடிக்கும், 120 நாளுக்கு மேல் நிற்கும். தொட்டிக்குக் கொத்துதான் ஏற்றது. கடைக் கடலையில் ரகப் பெயர் எழுதியிருக்காது. சிறியதாக, உருண்டையாக, இளஞ்சிவப்புத் தோலோடு இருப்பது பெரும்பாலும் கொத்து வகையாக இருக்கும். நீளமாகப் பெரிதாக இருப்பதை விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து விதையைப் பெட்டியில் போட்டு எடுத்துவர நினைப்பவர்கள், கிளம்பும் முன்பே தேசியப் பூங்காக் கழகத்தின் (என்பார்க்ஸ்) இறக்குமதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் விதைக்கும் முன்பே யோசிக்க வேண்டும். கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். சமூகத் தோட்டத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், கையில் கிடைத்ததை வாயில் வைப்பார்கள். பாத்தியில் 'இது வேர்க்கடலை' என்று பெரிதாக எழுதிக் குத்தி வையுங்கள். தாழ்வாரத்தில் வளர்ப்பதானால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக் காயைக் கேட்காமல் யார் வீட்டுப் பிள்ளைக்கும் நீட்டாதீர்கள்.

இடமும் மாதமும்

கடலைக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் இலை மட்டும்தான் மிஞ்சும். அடுக்குமாடி புளோக் வீட்டில் இதற்குத் திசை பார்க்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. வடக்கு பார்த்த தாழ்வாரம் உள்ளவர்கள் மே மாதம் விதைத்தால் செடி இருக்கும் காலம் முழுக்க வெயில் உள்ளே வரும். தெற்கு பார்த்தவர்கள் நவம்பர் கடைசியில் போட்டு மார்ச் தொடக்கத்தில் எடுக்கலாம். மேலே கூரை இருப்பதால் பருவமழை அவர்களை அதிகம் பாதிக்காது, மேகமூட்டத்தால் காய் மட்டும் சற்றுக் குறையும். கிழக்கு பார்த்த தாழ்வாரத்தில் காலை வெயில் மட்டுமே கிடைக்கும், அதுவும் மேல்மாடித் தளம் மறைக்காத அளவுக்குத்தான். அங்கே கீரை போடுங்கள், கடலைக்குக் கீழே தோட்டத்தில் இடம் தேடுங்கள்.

திறந்த வெளிப் பாத்திக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. தைப்பூசத்தையொட்டி ஒரு விதைப்பு, வெசாக் தினத்தையொட்டி இன்னொன்று. முதலாவதில் பெருமழை ஓய்ந்து, வருஷத்தில் மழை குறைந்த பிப்ரவரியில் செடி வேர் பிடிக்கும், மே தொடக்கத்தில் பிடுங்கலாம். இரண்டாவது ஆகஸ்ட் கடைசியில் தயாராகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் திறந்த பாத்தியில் போடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காய் முற்றுவது டிசம்பர், ஜனவரி மழையில் வந்து விழும். கொத்து ரகத்துக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய காய் ஈர மண்ணில் நாலு நாள் கூடுதலாகக் கிடந்தால் செடியிலேயே முளைவிட்டுவிடும்.

தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்களுக்கு விதி தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்கக் கூடாது. தொட்டிக்கு அடித்தட்டு வைத்தால் தண்ணீரை அன்றன்று கொட்டிவிடுங்கள். நானோ அடித்தட்டே வைப்பதில்லை, இரண்டு செங்கல் மேல் பெட்டியைத் தூக்கி வைக்கிறேன். கொசுவுக்கும் இடமில்லை, செடியின் காலும் ஊறாது.

கீழே இடம் வேண்டுமென்றால் இரண்டு வழி. 2005-இலிருந்து நடக்கும் சமூகத் தோட்டத் திட்டத்தில் உங்கள் வட்டாரத் தோட்டக் குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் பூங்காக்களில் என்பார்க்ஸ் வாடகைக்கு விடும் தனிப் பாத்திக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது. கடலைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் விட்டால் நாற்பதுக்கு மேல் செடி நிற்கும்.

பெட்டியும் மண்ணும்

ஆழமான குறுகிய தொட்டி கடலைக்கு வேண்டாம். அகலம் வேண்டும். செடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஊசி இறங்கும், இறங்க மண் இல்லையென்றால் தொட்டி விளிம்புக்கு வெளியே தொங்கிக் காய்ந்துவிடும். ஈரச்சந்தையில் காய்கறி, மீன் வரும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியைக் கேட்டால் கொடுப்பார்கள். 60-க்கு 40 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழம், ஆறு செடிக்குப் பாங்கான வீடு. மீன் பெட்டியென்றால் நன்றாகக் கழுவி வெயிலில் போடுங்கள். அடியில் விரல் நுழையும் துளைகள் பத்தாவது போட வேண்டும், பக்கவாட்டில் அடியை ஒட்டி நாலு துளை.

மண் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நர்சரியில் விற்கும் சுட்ட மண்ணை வாங்கினால் அதில் கட்டிகள் இருக்கும். தட்டி உடைத்துச் சல்லடையில் சலியுங்கள். அதில் இரண்டு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, தென்னை நார்த் துகள் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. கலந்த மண்ணைக் கையில் பிடித்து இறுக்குங்கள். பிடி விட்டதும் உதிர வேண்டும். உருண்டையாக அப்படியே நின்றால் இன்னும் மணல் சேருங்கள். புளோக்குக் கீழே இருக்கும் தரை மண்ணை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் கட்டுமானத்தின்போது கொட்டி நிரப்பிய களி, மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் ஓடு. அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்கு நல்ல மண் கொட்டிப் பாத்தி கட்டிக்கொள்ளுங்கள். நம் மண்ணுக்குப் புளிப்பும் அதிகம். கடலைக்கு 6 முதல் 6.5 வரை பிஹெச் இருந்தால் நல்லது. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பெட்டிக்கு ஒரு கைப்பிடி டாலமைட் தூளைக் கலந்து நனைத்து வைத்தால் புளிப்பு அடங்கும்.

தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் போடாதீர்கள். கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர்முடிச்சில் தானே செய்துகொள்ளும். முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்தான் அந்த வேலையைச் செய்கிறது. பையில் வாங்கிய புது மண்ணில் அந்த நுண்ணுயிர் இல்லாமல் போகலாம். பயற்றங்காய் காய்த்த பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் கலந்துவிடுங்கள். பயற்றங்காய்க்கும் கடலைக்கும் ஒரே கூட்டத்து நுண்ணுயிர் ஒத்துவரும். நம் சமூகத் தோட்டங்களில் பயற்றங்காய் இல்லாத தோட்டம் ஏது? ஒரு மாதம் கழித்து ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகளவு முடிச்சுகள் கொத்தாக இருக்கும். ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அல்லது ஓய்ந்துவிட்டது.

விதையை 4 சென்டிமீட்டர் ஆழத்தில், முளை கீழே பார்க்க, குழிக்கு ஒன்றாக வையுங்கள். விதைத்த அன்றே கம்பிவலை போட்டு மூடுங்கள். மைனா முளையைப் பிடுங்கிப் போடும், எலி விதையையே தோண்டித் தின்னும். இரண்டு ஜோடி இலை வந்ததும் வலையை எடுத்துவிடலாம். சாயங்காலம் இலைகள் இரண்டிரண்டாகக் கைகூப்பியதைப் போல மூடிக்கொள்ளும். வாடிவிட்டது என்று பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், கடலை தூங்குவது அப்படித்தான்.

ஊசி இறங்கும் நேரம்

25 முதல் 30 நாளில் முதல் பூ. விடியற்காலையில் விரிந்து, மத்தியானத்துக்குள் வதங்கிவிடும். தன் மகரந்தத்திலேயே கருவுறும் பூ இது, பெரும்பாலும் விரியும்போதே அந்த வேலை முடிந்திருக்கும். பன்னிரண்டாவது மாடிக்குத் தேனீ வராதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. காலையில் தூரிகையோடு பூசணிப் பூவைத் தேடி அலைகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

பூ வதங்கி ஒரு வாரத்தில் அந்தக் கணுவிலிருந்து ஊதா கலந்த பச்சையில் ஒரு காம்பு கிளம்பும். அதுதான் ஊசி. முட்டி போட்டு உட்கார்ந்து, கீழ்க் கிளையை விரலால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நுனி மழுங்காமல் கூராக, தொட்டால் சற்று விறைப்பாக இருக்கும். கரு அந்த நுனிக்குள்தான் இருக்கிறது. மற்ற கொழுந்தெல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து மேலே போக, இது ஒன்று மட்டும் தலையைக் குனிந்து மண்ணைத் தேடிப் போகும். மண்ணைத் தொட்டதும் குத்தி இறங்கும். ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குப் போனதும் நுனி பக்கவாட்டில் திரும்பி வீங்கத் தொடங்கும். இருட்டும் ஈரமும் கிடைத்தால்தான் வீங்கும், வெளிச்சத்தில் தொங்கும் ஊசி காயாகாது. ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் பூத்த பூவின் ஊசி பெரும்பாலும் மண்ணை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். அடிக் கணுக்களில் பூப்பதுதான் நமக்குக் காய் தரும் பூ.

ஆகவே பூ தொடங்கும்போதே ஒரு வேலை இருக்கிறது. இங்கே பெய்யும் இடிமழை மேல் மண்ணை அடித்து அடித்து இறுக்கிவிடும். 25 நாளில், முதல் பூவைப் பார்த்ததும், சின்ன முள்கரண்டியால் செடியைச் சுற்றி மேலாகக் கிளறிக் களையை எடுத்துவிடுங்கள். அடுத்து 40-லிருந்து 45 நாளுக்குள் மண் அணைக்க வேண்டும். அதே கலவையைச் சலித்து, தண்டைச் சுற்றி மூன்று நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவியுங்கள். குருத்து மூடக் கூடாது. மேலே தொங்கும் ஊசிக்கு மண் பக்கத்தில் வந்துவிடும். அதோடு சரி, அதற்குப் பிறகு முள்கரண்டி, களைக்கொத்து எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். களை வந்தால் விரலால் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். ஒரு களையின் வேரோடு மூன்று ஊசி வெளியே வந்துவிடும். காய்ந்த இலை மூடாக்குப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பருவத்தில் அதை ஒதுக்கிவிடுங்கள், ஊசி சருகில் முட்டி நின்றுவிடும்.

மண் அணைக்கும் அன்றே சுண்ணாம்புச் சத்துக்காக ஜிப்சம் போட வேண்டும். பொக்குக் காய்க்கு முதல் காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மற்ற செடிகளில் வேர் உறிஞ்சியது காய்க்குப் போய்ச் சேரும். கடலையில் வேர் உறிஞ்சிய சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும், அங்கிருந்து கீழே காய்க்குத் திரும்புவதில்லை. காய் தன் ஓட்டின் வழியாகத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே இல்லையென்றால் ஓடு உருவாகும், பருப்பு உருவாகாது. தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் பரிந்துரை. நம் கணக்குக்கு அது சதுர மீட்டருக்கு 40 கிராம். ஒரு தெர்மோகோல் பெட்டிக்கு 10 கிராம், ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. 2.5 மீட்டர் பாத்திக்கு 100 கிராம். இந்த ஊர் மழையில் கரைந்து போய்விடும் என்பதால் நான் இரண்டாகப் பிரித்துப் போடுகிறேன், மண் அணைக்கும்போது பாதி, மூன்று வாரம் கழித்துப் பாதி. ஊசி இறங்கும் இடமெல்லாம் படும்படி தூவித் தண்ணீர் தெளியுங்கள்.

"ஜிப்சத்துக்கு எங்கக்கா போறது?" என்று கேட்பார்கள். செடிக்கடைகளில் கிடைக்கும். அங்கே இல்லையென்றால் தாவ் ஹுவே என்ற சோயா பால் இனிப்பு, டோஃபு செய்வதற்கென்று சமையல் பொருள் கடைகளில் விற்கும் ஜிப்சம் தூள் இருக்கிறது, அதே பொருள்தான். சர்க்கரையும் மாவும் கலந்த தாவ் ஹுவே கலவைப் பொடியை வாங்கிவிடாதீர்கள், ஜிப்சம் மட்டும் இருக்க வேண்டும். வீட்டுக் கூரைக்கு அடிக்கும் பலகையை உடைத்துப் போடுவதும் கூடாது. முட்டை ஓடு போதாதா என்றால், இந்தப் பருவத்துக்குப் போதாது. அது கரைய மாதக்கணக்கில் ஆகும், காய்க்கு அவசரம். முட்டை ஓட்டைப் பொடித்து அடுத்த விதைப்புக்கான மண்ணில் இப்போதே கலந்து வையுங்கள். வாழைப்பழத் தோல் தண்ணீர், சாம்பல் இரண்டும் இந்த நேரத்தில் வேண்டாம். அவற்றிலுள்ள சாம்பல் சத்து (பொட்டாசியம்) காயைச் சுற்றி அதிகமானால் சுண்ணாம்புச் சத்தை உள்ளே போக விடாது.

தண்ணீர் விஷயம் கைவாகு. விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். பூவிலிருந்து காய் திரளும் வரை, அதாவது 30 நாளிலிருந்து 85 நாள் வரை, மேல் மண் காயவே கூடாது. ஊசி காய்ந்த மண்ணில் குத்தாது. கடைசி இரண்டு வாரம் குறைத்துவிடுங்கள்.

நோயும் திருடர்களும்

இலையில் மஞ்சள் வளையத்தோடு கரும்புள்ளி வந்தால் டிக்கா நோய். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய். இரண்டுமே ஈரத்தில் பரவுவது. தண்ணீரைக் காலையில், இலை நனையாமல், அடியில் ஊற்றுங்கள். புள்ளி வந்த அடி இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். செடியை நெருக்கி நடாமல் இருந்தாலே பாதி குறையும். 90 நாளுக்கு மேல் புள்ளி வந்தால் நான் கவலைப்படுவதில்லை, அதற்குள் காய் திரண்டிருக்கும்.

பயப்பட வேண்டியது தண்டழுகலுக்கு. நன்றாக நின்ற செடி திடீரென்று ஒரு கிளை வாடும். மண்ணோடு ஒட்டிய இடத்தில் வெள்ளை நூலும், கடுகு மாதிரி பழுப்பு மணிகளும் தெரியும். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளிப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள், காப்பாற்ற முயல வேண்டாம். அந்த மணிகள் மண்ணில் நெடுநாள் கிடந்து மறுபடியும் கிளம்பும். அசுவினி கூட்டமாக வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும்.

காய் திரண்ட வாசனை எலிக்கும் அணிலுக்கும் நமக்கு முன்பே தெரிந்துவிடும். 75 நாளுக்கு மேல் பாத்திக்குக் கம்பிவலை கட்டாயம். வலையை மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கிப் புதையுங்கள், மேலே மட்டும் போட்டால் பக்கவாட்டில் தோண்டி வந்துவிடும்.

பிடுங்குவதும் அவிப்பதும்

95 நாள் ஆனதும் ஒரு செடியின் ஓரத்தில் கையை விட்டு இரண்டு காய் எடுத்து உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தால் பிஞ்சு. பழுப்போ கறுப்போ படர்ந்திருந்தால் முற்றிவிட்டது. மேல் ஓட்டில் நரம்பும் அழுத்தமாகத் தெரியும். பத்துக் காயில் ஏழு உட்புறம் கறுத்திருந்தால் பிடுங்குங்கள். இலை முழுக்க மஞ்சளாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊரில் காத்திருக்கலாம், இங்கே அடுத்த நாள் மழையில் முளைத்துவிடும்.

மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாத நாளில், சுற்றிலும் தளர்த்திவிட்டு, அடித்தண்டைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பெட்டியென்றால் சாக்கு விரித்து மொத்தமாகக் கவிழ்த்துவிடலாம், ஒரு காய் கூடத் தங்காது. செடிக்கு இருபது முப்பது காய் வந்தால் நல்ல விளைச்சல். ஒரு பெட்டி, குடும்பத்துக்கு ஒரு வேளை அவித்துத் தின்ன வரும். ஒரு பாத்தியென்றால் பக்கத்துப் பாத்திக்காரர்களுக்கும் கொடுக்கலாம்.

காயவைத்துச் சேமிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஈரம் சரியாகப் போகாத கடலையில் ஒரு பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அது, அவித்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. இந்த ஊர்க் காற்றில் ஓட்டோடு கடலை காய்வது லேசான காரியமில்லை. குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும் வரை, பகலில் வெயிலிலும் இரவில் மின்விசிறிக்கு அடியிலும் பரப்பி வைக்க வேண்டும். பூசணம் பூத்தது, சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவாக இருந்தாலும் யோசிக்காமல் எறியுங்கள். அதனால்தான் நான் விதைக்கு வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பச்சையாகவே அவித்துவிடுகிறேன்.

மண் போகக் கழுவி, ஓட்டோடு குக்கரில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். நாலைந்து விசில். உடனே வடிக்காதீர்கள். அந்த உப்புத் தண்ணீரிலேயே அரைமணி நேரம் கிடந்தால்தான் உப்பு ஓட்டைத் தாண்டி உள்ளே ஏறும். எங்கள் பக்கத்துப் பாத்திச் சீன அங்கிள் இரண்டு அன்னாசிப் பூவைப் போட்டு அவிக்கிறார், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

விதைக்கு அதிகம் காய்த்த செடியிலிருந்து இரட்டைப் பருப்புக் காயாகப் பார்த்து எடுங்கள். ஓட்டை உடைக்காமல் காயவைத்துத் துணிப்பையில் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள், உடைத்து வைத்த பருப்பு இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். அடுத்த விதைப்புக்குள் போட்டுவிட வேண்டும். செடியின் தண்டையும் இலையையும், நோய் இல்லாததாகப் பார்த்து, நறுக்கி அதே மண்ணில் புதைத்து இரண்டு வாரம் விடுங்கள். அந்த மண்ணில் உடனே மறுபடியும் கடலை வேண்டாம், தண்டழுகல் தங்கிவிடும். தண்டுக்கீரையோ கங்குங் கீரையோ விதையுங்கள், கடலை விட்டுப்போன தழைச்சத்தில் தளதளவென்று வரும்.